அப்பா உதைத்த வாளி

போன வாரம் எங்கள் வீட்டில் வெந்நீர் வைக்கிற கேத்தல் பழுதாகிவிட்டது. ஹட்டனில் கடையொன்றில் வேலை பார்க்கிற என் மருமகள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கிக் த பக்கெட் ஆயிருச்சு" என்றாள்.

"கேத்தல் எதுக்குடி வாளிய ஒதைக்குது?"

"ஐயோ அத்தை, செத்துப் போச்சுன்னு அர்த்தம். இங்கிலீசுல வெளையாட்டாச் சொல்றது. செத்த வீட்டுல போயி சொல்லிறாதீங்க" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் மாடு பார்த்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழையில் சறுக்கி விழுந்து, இரண்டு காலும் அசையாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வரும்வரை மாட்டுக்குப் புல் போடுவது என் வேலை. கறக்கும்போது மாடு வாளியை உதைத்தால் துரைசாணி இங்கிலீசில் கத்துவாள். 'கிக்', 'பக்கெட்' இரண்டும் அப்படி எனக்குப் பாடமான வார்த்தைகள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அதைவிடக் குறைவு.

ஒருநாள் அந்தியில் துரை டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா பேரைச் சொன்னார். அடுத்து அந்த வார்த்தைகள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

"அம்மா! அப்பாவுக்குக் கால் வந்துருச்சு! ஆஸ்பத்திரி வாளிய எட்டி ஒதைச்சிட்டாராம்! துரையே சொன்னாரு!"

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தி பங்களாவில் ஆயாவாக இருந்து, துரைமார் பேசும் இங்கிலீசு பழகியவள் அவள்.

"துரை எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லு."

சொன்னேன். பானையை மெல்ல நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை இருந்தது.

"ஆமா தாயி, கால் சரியாப் போச்சு. உக்காரு, மொதல்ல சாப்பிடு."

கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். போதும் என்றேன், இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் ஒரு வாய் தொடவில்லை. நான் கை கழுவியதும் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் வாசலுக்குப் போய், லயம் முழுக்க ஓடி வருகிற மாதிரி ஓவென்று கத்தினாள்.

அப்பா போய்விட்டார் என்று நானும் அழுதேன். ஆனால் கால் வந்த பிறகுதான் போனார், வாளியை உதைத்துவிட்டுத்தான் போனார் என்று இத்தனை வருசமும் தலை நிமிர்ந்து சொல்லி வந்திருக்கிறேன். அம்மா சாகும்வரை அதைத் திருத்தவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதென்று, நான் தின்று முடிக்கும்வரை அவள் தன் அழுகையைப் பிடித்து வைத்திருந்தாள். நானோ, குழம்பில் உப்புக் கம்மி என்று குறை சொன்னேன்.