ஜூலியின் காலில் கட்டிய கயிறு

மாமாவோடு நான் ஒரு மழைக்காலம் முழுவதும் பேசாமல் இருந்தேன். எட்டு வயதுப் பிள்ளையின் கோபத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆனாலும் லயத்து வாசலில் த்ரீவீலை நிறுத்தியதும் அவர் முதலில் என் முகத்தைத்தான் தேடுவார். நான் விறுவிறென்று உள்ளே போய்விடுவேன்.

காரணம், எங்கள் பசு ஜூலி.

அக்கரப்பத்தனைக்கு மேலே மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் லயம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அம்மா கொழுந்து பறித்தாள். வீட்டுக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திகளை ஒட்டித் தகரம் போட்ட மாட்டுப்பட்டி. அதற்குச் சீமெந்துத் தரை போட்டுக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, தலவாக்கலை டவுனில் த்ரீவீல் ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, பொலிஸ் என்று எங்கே போனாலும் அம்மாவுக்கு வாய் அவர்தான்.

ஜூலிக்கு மட்டும் அம்மாவோடு பேச மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விடியற்காலை பெரட்டுக்களத்துக்கு, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும்முன் அம்மா பட்டியில் நின்று அதனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பாள். என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

அந்த வருஷம் ஜூலி ஊசி போட்டுச் சினையாகியிருந்தது. எந்த நாட்டுக் காளையோ, கன்று வயிற்றுக்குள்ளேயே பெரிதாக வளர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத்தான் கன்றை வெளியே எடுத்தார்கள். காளைக்கன்று, உயிரோடு வந்தது. எல்லோரும் சிரித்தோம். கன்றை நக்கிக்கொடுத்துவிட்டு ஜூலி எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. முன்கால்கள் ஊன்றின. பின்கால்கள் இரண்டும் தவளைக்கால் மாதிரி பக்கத்துக்கொன்றாக விலகிப்போயின. மறுபடி முயன்றது, மறுபடியும் அதே கதி. ஆனால் புல்லைத் தின்றது, அசை போட்டது, கன்று கத்தினால் பதில் கொடுத்தது.

கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். இழுத்ததில் நரம்பு அறுந்துவிட்டது, இனி எழும்பாது என்றார் ஒருவர். மறுநாள் மாமா தன் த்ரீவீலிலேயே மாட்டு டொக்டரை அழைத்துவந்தார். இளவயதுச் சிங்களப் பெண். சாணத்தைப் பொருட்படுத்தாமல் தரையில் மண்டியிட்டு, ஜூலியின் வாலடியையும் தொடையின் உட்புறத்தையும் அழுத்திப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் கால்களைப் போல விரித்தும் சேர்த்தும் காட்டி மாமாவுக்கு நெடுநேரம் விளக்கினார். அந்தப் பேச்சில் 'ஸ்நாயு, ஸ்நாயு' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஜூலியை நாய் கடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் முடிவுசெய்தேன். அம்மா இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டரை இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்கு ஒரு ஹயர் சவாரி போக வேண்டுமென்று மாமாவுக்கு அவசரம். அத்தனை விளக்கத்தையும் ஒரே மூச்சில் முடித்தார்.

"பின்னங்கால் ரெண்டையும் சேத்துக் கட்டி வைக்கணுமாம்க்கா. கீழ மண்ணும் புல்லும் கனமாப் போடணுமாம்."

"ஏன்டா? எந்திரிக்கவே முடியாம கெடக்கு. அதப் போயி எதுக்குக் கட்டணும்?"

"டொக்டர் நோனா சொல்றாங்கக்கா. சொன்னதச் செஞ்சா போதும்."

பழைய சேலைத் துணியைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, அதன்மேல் கயிற்றை எட்டு மாதிரி போட்டு, இரு காலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம்விட்டுக் கட்டினார் மாமா. பாத்தியிலிருந்து மண்ணை அள்ளிவந்து கொட்டி, மானாப்புல்லைப் பரப்பினார். நல்லவர் என்று நான் நினைத்திருந்த மனிதர், பிள்ளை பெற்ற மாட்டின் காலைக் கட்டுகிறார்.

அம்மா இரண்டு நாள் பொறுத்தாள். மண்ணெல்லாம் மூத்திரத்தில் ஊறி நாறியது. ஜூலி எழ முயன்று, கயிறு தடுக்க, மறுபடி சாய்ந்து அம்மாவைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"பச்ச ஒடம்புக்காரிய இப்படியா கட்டிப்போட்டு வைக்கிறது?" என்றாள். பிறகு, என்னிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தவள் போலக் குரலைத் தாழ்த்தி, "ஒன்னையப் பெத்தப்ப என்னையும் காலக் கட்டித்தான் போட்டாங்க புள்ள. எவ்வளவு கெஞ்சுனேன் தெரியுமா" என்றாள்.

நாறிய மண்ணை வாரி வெளியே கொட்டினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். கயிற்றை அவிழ்த்து, தடம் பதிந்த இடத்தில் சூடான நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். என் அம்மாவைப் போல உலகத்தில் யாருமில்லை என்று நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே கன்று கத்தியது. ஜூலி ஒரு தம் பிடித்தது, எழுந்துவிட்டது. நாலு காலிலும் நின்றது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கன்றின் பக்கமாக ஜூலி ஓரடி வைத்தது. ஈரச் சீமெந்தில் பின்கால்கள் இரண்டும் வழுக்கி விலகின. முழு உடம்பும் நடுவில் இறங்கியது. உள்ளே எங்கோ பட்டென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் யாருக்கும் சொல்லிக்காட்ட விரும்புவதில்லை.

மாமா வந்தபோது லயமே கூடியிருந்தது. அவர் ஈரத்தரையைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

கட்டினதால் ரத்தம் ஓடாமல் கால் செத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "கட்டாம இருந்திருந்தா அதுக்குக் காலு மரத்துப் போயிருக்காதுடா தம்பி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆமாக்கா. தப்பு என்னோடதுதான்," என்றார் மாமா.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. டொக்டர் நோனா திரும்ப வந்து, இடுப்பைத் தொட்டுப் பார்த்து, கழுவின தரையைக் காட்டி மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா தலையைக் குனிந்தபடி பதில் சொன்னார். பிறகு ஜூலிக்கு ஓர் ஊசி. பாத்திக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். கன்றைப் பக்கத்து லயத்துப் பசுவின் பால் கொடுத்து வளர்த்தோம். மாமா எனக்காக வாங்கிவந்த மீன் வைத்த மாலுபணிஸை நான் தொடவில்லை. மழை விட்டபின் பேசத் தொடங்கினேன். ஆனால் பழைய மாதிரி அவர் தோளில் ஏறியதில்லை. அவரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுப் பசு ஒன்று அதே மாதிரி விழுந்தது. வந்தவர் தமிழ் டொக்டர். ஏன் கட்டச் சொல்கிறீர்கள் என்று வீட்டுக்காரி கேட்டதும் நின்று விளக்கினார். இடுப்பெலும்பின் உட்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறதாம். பெரிய கன்று வரும்போது எலும்புக்கும் கன்றுக்கும் நடுவில் அது நசுங்கிவிடுமாம். இரண்டு காலையும் உட்பக்கமாக இழுத்துப் பிடிப்பது அந்த நரம்புதான். "அது தேறி வர்ற வரைக்கும் அதோட வேலைய இந்தக் கயிறு செய்யும். வழுக்குற தரையில மட்டும் விட்ராதீங்க," என்றார். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அவ்வளவையும் சொல்லி முடிக்க. அந்தப் பசு கட்டிய காலோடு எழுந்து நின்றது. ஸ்நாயு என்றால் சிங்களத்தில் நரம்பு என்று எனக்கு எப்போதோ தெரியும். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எங்கள் பட்டியில் எதற்காகப் பேசப்பட்டது என்று தெரிந்தது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இப்போதும் ஜூலி பேச்சு வந்தால், "பாவி, கயித்தக் கட்டிக் கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு, உடனே தம்பியை நினைத்து அழுகிறாள்.

மாமா தப்பை ஒத்துக்கொண்ட அன்று நான் ஆணியில் தொங்கிய கயிற்றை முறைத்துக்கொண்டிருந்தேன். முடிச்சைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். 'ஏன்டா' என்று அக்கா கேட்டதற்கு நின்று ஒரு பதில் சொல்லாமல் த்ரீவீலுக்கு ஓடினதை அவர் சொன்னார் என்பதும், கயிற்றை அவிழ்த்துத் தரையைக் கழுவியதே ஜூலியை வீழ்த்தியது என்பதை அவள் தெரிந்துகொள்ளவே கூடாது என்றுதான் அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதும் அன்றைக்கு எனக்கு எட்டவில்லை.