மைதானத்துக்கு நான் எழுதிய மனு

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். எங்கள் ஊர் என்று இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். அப்போது ஊர் வேறு, சேரி வேறு. நாங்கள் சேரி. நான் ஐந்தாவது படித்த வருஷம், எங்கள் தெருவில் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்தாலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

என் தாய்மாமன் சடுகுடுவில் சூரர். பகலெல்லாம் ஏர் ஓட்டிவிட்டு வந்தாலும் சாயங்காலம் களத்தில் இறங்கிவிடுவார். களம் என்றால் என்ன களம்! நெல் அறுத்த வயல்தான். அடிக்கட்டை முழங்காலைக் கிழிக்கும். வயல்காரர் வந்தால் ஓட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பஞ்சாயத்து மைதானம் வழவழவென்று கிடந்தது. அதில் கூத்தோ பந்தயமோ, எது நடத்துவதானாலும் மனு எழுதிக் கொடுத்து, தலைவர் கையெழுத்தோடு லைசென்ஸ் வாங்க வேண்டும். சேரிக்குக் கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கேட்டால், ‘இதுவரைக்கும் வழக்கமில்லையே’ என்பார்கள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாமா, காணும் பொங்கலன்று மைதானத்தில் பந்தயம் என்று சாலவாக்கத்து ஆட்களிடம் வாயை விட்டுவிட்டார். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் நாலு பேர் முன்னால் மானம் போகும். அம்மா அவரைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். குமாஸ்தா ஊர்க்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. மனு எப்படி எழுதுவது என்று மாமா கேட்டதும், பழைய காகிதக் கட்டை அவிழ்த்து வெகுநேரம் புரட்டினார். அம்மன் கோயில் கூத்துக்காக யாரோ கொடுத்திருந்த ஒரு மனுவை உருவி என்னிடம் நீட்டினார்.

“இத்தப் பாத்து அப்டியே எழுதிக்கினு வா.”

அப்படியே எழுதினேன். கூத்து என்ற இடத்தில் சடுகுடு என்று போட்டேன். தேதியையும் பெயரையும் மாற்றினேன். மறுநாள் குமாஸ்தா அதை உரக்கப் படித்தார். ‘வருடாவருடம் வழக்கம்போல் மேற்படி மைதானத்தில்’ என்று வந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, ஏது வருடாவருடம்? எங்கள் ஆட்கள் அங்கே ஒருநாள்கூட ஆடியதில்லையே!

“ஐயா, அது தப்பு. அடிச்சிட்டு வேற எழுதித் தரேன்” என்றேன்.

“ஒன்ன இப்ப யார்னா கேட்டாங்களா? கம்முனு இரு!”

மாமா வேறு தலையில் ஒரு குட்டு வைத்தார். குமாஸ்தா மனுவின் ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, மற்ற காகிதங்களுக்கு நடுவே செருகி உள்ளே கொண்டுபோனார். தலைவர் படிக்காமலே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பந்தயம் நடந்தது. தோற்றோம். முழங்கால் கிழியாமல் தோற்றோம் என்பதே எங்களுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அடுத்த பொங்கலுக்கும் மனு கொண்டுபோனோம். அன்று ஊரில் நாலு பேர் ஆபீசுக்கு வந்து, இதென்ன புதுப் பழக்கம் என்று குதித்தார்கள். குமாஸ்தா போன வருஷத்து மனுவை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தார். தலைவர் தன் கையெழுத்தைத் தானே உற்று உற்றுப் பார்த்தார்.

“வயக்கம்னு நானே கையெயுத்து போட்டுகீறேனே. வுடுங்கப்பா” என்றார்.

அதன்பிறகு ஒரு வருஷமும் தடையில்லை. என் மகன்வரைக்கும் அந்த மண்ணில் ஆடினான்.

என் தப்பினால்தான் மைதானம் கிடைத்தது என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறகு நானே ஒரு ஆபீசில் கோப்பு பார்க்கும் வேலைக்குப் போனேன். பொய் என்று தெரிந்த வரிக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவது என்றால் என்ன என்று அங்கேதான் விளங்கியது. யாராவது மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தால் தலைவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குமாஸ்தாவின் வேலைதான் போயிருக்கும். காகிதக் கட்டில் அத்தனை மனுக்கள் இருக்க, ‘வழக்கம்போல்’ என்று இருந்ததை மட்டும் தேடி எடுத்துக் கொடுத்தாரே, அந்த மனுஷர்! நன்றி சொல்லலாம் என்றால் அவர் இல்லை. இருந்த காலத்தில் நான் செய்தது ஒன்றுதான். என்னை அதட்டிவிட்டார் என்று, அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவரைக்கும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.