சும்மா கிடந்த உரல்

“...அதெல்லாம் சரி தங்கச்சி, புள்ளயக் கோர்ட்டு குடுக்கும். குடிய ஆரு குடுக்கிற?” என்று மாமா கேட்டபோது நான் அவருடைய செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சொல்லித் துடைக்கவில்லை. நானாகத் தேடிக்கொண்ட வேலை அது. எனக்கு அப்போது ஆறு வயது. மட்டக்களப்பு டவுனில் கன்னியாஸ்திரிமார் நடத்திய ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்த என்னை, நோர்வேயிலிருந்து வந்த இருவர் நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்துத் தங்கள் மகளாக எடுத்திருந்தார்கள். அவர்கள்தான் என் அம்மாவும் அப்பாவும். இருவரும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊரிலேயே பிறந்தவர்கள். ஆனால் கடவுச்சீட்டு மாறிப்போனதால், சொந்த ஊருக்கே விசா எடுத்து, வெளிநாட்டுக்காரராக வந்து, ஒரு பிள்ளைக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். “சொந்தக் கிணத்தில தண்ணி அள்ள அடுத்த வீட்டில வாளி இரவல் கேட்ட கதை” என்று அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கடவுச்சீட்டு வரும்வரை அம்மாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். அந்த அண்ணன்தான் செருப்புக்குச் சொந்தக்காரரான மாமா.

நான் எழுதுவதில் பாதி நான் கண்டது. மீதி மாமி சொன்னது. மாமி சொன்னதில் பாதியைக் குறைத்துத்தான் எழுதுகிறேன். முழுவதையும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மாமா கேட்ட கேள்வி விளங்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குடி என்றால் வம்சவழி. மட்டக்களப்பில் பிள்ளை தகப்பனுடைய குடி அல்ல, தாயினுடைய குடி. அந்தத் தாய் தன் தாயினுடைய குடி. ஆண்பிள்ளை எத்தனை இருந்தாலும் குடி அவர்களோடு நின்றுவிடும். பெண்ணின் வயிற்று வழியாகத்தான் அது அடுத்த ஆளுக்குப் போகும். கோயிலில் யாருக்கு எந்த உரிமை, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மாமாவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூவரும் மாமியின் குடி. மாமாவைப் பெற்றவளின் வழி தொடர வேண்டுமென்றால் அதற்கு இருந்தது ஒரேயொரு தங்கச்சி. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு தோளில் தூக்கி அவர் வளர்த்த தங்கச்சி. அந்தத் தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அம்மன் கோயிலில் எங்கள் குடியின் வண்ணக்கராக நின்று காரியம் பார்க்கிறவரும் மாமாதான். குடியில் யார் உண்டு, யார் இல்லை என்று சபையில் சொல்ல வேண்டியவர் அவர். அப்படிப்பட்ட மனிதரிடம், யார் பெற்றதென்று ஒரு எழுத்தும் இல்லாத ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, “இவளும் எங்கட குடிதான் அண்ணன்” என்று அம்மா சொன்னால் அவர் வேறு என்ன கேட்பார்?

பதில் அம்மாவிடமிருந்து வரவில்லை. அடுப்பெரிந்த குசினியிலிருந்து வந்தது.

“முகத்துவாரம் வெட்டிவிட்ட புறகு, இது கடல் தண்ணி, இது ஆத்துத் தண்ணி எண்டு பிரிச்சுப் பாக்கிறீங்களா நீங்க?” என்றார் மாமி. மழை கூடி வாவி நிரம்பினால் வயல் மூழ்காமல் இருக்க மணலை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். அதைத்தான் சொன்னார்.

“தண்ணி கோயிலுக்கு வந்து உரிமை கேக்காது, புள்ள” என்றார் மாமா, மாமியிடம்.

“தண்ணி இல்லாம எந்தக் கோயில்ல பூசை நடந்த?”

மாமா செருப்பைப் போடக் காலை நீட்டினார். அது என் கையில் இருந்தது. “மற்றதும் துடைச்சிட்டன், சிஸ்டர்” என்றேன்.

ஆம், சிஸ்டர். இல்லத்தில் பெரியவர்கள் எல்லோரும் சிஸ்டர்தான். அதுவே நான் கற்ற ஒரே உறவுமுறை. மாமியைச் சிஸ்டர் என்றேன், அப்பாவைச் சிஸ்டர் என்றேன், சைக்கிளில் மீன் கொண்டுவந்தவரையும் சிஸ்டர் என்றேன். அவர் ஒரு கும்பா கீரி மீனை அதிகமாகப் போட்டுவிட்டுப் போனார். முறுக்கு மீசையோடு ஊரை அதட்டித் திரிந்த மாமாவை அப்படிக் கூப்பிட்ட அன்று மாமி குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அன்றிலிருந்து கோபம் வந்தால் அவரை “வண்ணக்கர் சிஸ்டர்” என்றுதான் கூப்பிட்டார்.

நான் ஏன் செருப்புத் துடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லத்துப் பிள்ளைகள் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: எடுத்துக்கொண்டு போன வீட்டில் வேலை செய்யாமல் இருந்தால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எந்தச் சிஸ்டரும் இதைச் சொன்னதில்லை. அவர்கள் எங்களைத் தங்கம் போல வைத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த அந்தக் கைகளை நினைக்காமல் நான் படுப்பதில்லை. சட்டம் நாங்களே உண்டாக்கியது. பயத்துக்கு யார் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? சிஸ்டர்மார் சொல்லித்தந்தது ஒன்றுதான். எந்த வேலையானாலும் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்க வேண்டும்.

ஆகவே விடிந்ததும் சிலுவை போட்டு முற்றம் கூட்டினேன். சிலுவை போட்டுப் பாய் சுருட்டினேன். சிலுவை போட்டுக் கோழியைத் திறந்துவிட்டேன். மாமாவின் கடைசி மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், “இந்தப் புள்ளய நோர்வேக்குக் கொண்டுபோக வேணாம், இஞ்சயே இரிக்கட்டும், என்ட வேலயும் செய்யுது” என்று தீர்ப்புச் சொன்னான். அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் விளக்குமாற்றை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். பிள்ளை ஓடி விளையாடட்டும் என்று நினைத்துத்தான் செய்தார். எனக்கோ உலகம் முடிந்துபோனது. வேலையைப் பறித்துவிட்டார்கள் என்றால் அடுத்தது பஸ் ஏற்றுவதுதான். அன்று பகல் முழுவதும் விளக்குமாற்றைத் தேடினேன். மாட்டுக் கொட்டிலின் கூரையில் கண்டுபிடித்து, எட்டாமல், கீழே நின்று அழுதேன். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்று அழுதார். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக அழுதோம் என்பது எனக்குத் தெரியாது. துணைக்கு ஒருவர் அழுகிறார் என்பதே அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்றிரவு சோறு சாப்பிடும்போது அந்தக் கடைசி மகன் மாமாவிடம் கேட்டான்: “அப்பா, இவள நான் என்னெண்டு கூப்பிடுற? மச்சாள் எண்டா?”

எங்கள் பக்கத்தில் உறவு சொல்லாமல் ஒரு மனிதரைக் கூப்பிட முடியாது. தகப்பனுடைய தங்கச்சி பெற்றவள்தான் மச்சாள்; மாமா ஆம் என்றால் என்னைக் குடிக்குள் எடுத்ததாகிவிடும். மாமியின் சட்டுவம் பானைக்குள் அப்படியே நின்றது. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“இப்போதைக்கு, புள்ள எண்டு கூப்பிடு.”

இப்போதைக்கு! அந்த ஒரு சொல்லுக்கு மாமி அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், அவருக்கு மீன் தலை வைக்கவில்லை.

இதற்கிடையில் வைகாசிச் சடங்கு வந்தது. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவை நாங்கள் சடங்கு என்போம். அதில் ஒரு நாள் நெல்லுக் குத்துகிற நாள். அம்மனுக்குப் பொங்குகிற அரிசியை அன்று சின்னப் பெண்பிள்ளைகள்தான் குத்துவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உரல். பிள்ளையின் உரலில் அவளுடைய தாய்மாமன் நெல்லைப் போடுவார். வேறு யாரும் போடக்கூடாது. போட்ட பிறகு பிள்ளை குத்துவாள், பெண்கள் குரவை போடுவார்கள். பெண்பிள்ளை இல்லாத வீட்டின் உரல் வரிசையில் சும்மா கிடக்கும். அந்த வீட்டு நெல்லை அடுத்த உரலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அம்மா கலியாணம் முடித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டு உரல் சும்மாதான் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் மாமா நெல்லுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த உரலுக்குப் போவார். அதைப் பார்க்கக் கூடாதென்று சடங்கு நாளில் ஊரில் நிற்காமலே இருந்தவர் அம்மா.

இந்த முறை அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். “அண்ணன், என்ட புள்ளைக்கு நெல்லுப் போடுங்க.”

“ஏலா தங்கச்சி. உனக்காக எதையும் செய்வன். அம்மனுக்கு முன்னால பொய் சொல்லச் சொல்லாத.”

“பொய்யா?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி. அப்ப நான் என்ட புள்ளயக் கூட்டிட்டுப் போறன். மறுகா என்னை இந்த ஊரில தேடாதங்க.”

சொன்னால் சொன்னதுதான். அம்மாவை வளர்த்தவருக்கு அது தெரியாதா? அன்று மாமா மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. சாப்பிடாத சோற்றுக் கோப்பையை நான் சிலுவை போட்டுக் கழுவி வைத்தேன்.

நெல்லுக் குத்துகிற நாள் காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். போகாமல் இருப்போம் என்றார் அப்பா. “அம்மனோட எனக்கு என்ன கோபம்?” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பந்தலுக்குக் கீழே உரல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணி சுற்றி, திருநீறு பூசியிருந்தார்கள். பக்கத்தில் சின்னக் கைகளுக்கென்றே செய்த சின்ன உலக்கைகள். மாமன்மார் வரிசையாக வந்து நெல்லைப் போட, பிள்ளைகள் குத்தத் தொடங்கினார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மதிலோரமாக, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நான் கண்டது இவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். ஒரு உரலுக்கு மட்டும் ஆளில்லை. உலக்கை அதில் சாய்ந்து கிடக்கிறது. நானோ சும்மா நிற்கிறேன்! இதைவிட ஆபத்து வேறென்ன? அம்மாவின் கையை உதறிவிட்டு, ஆட்களின் கால்களுக்கிடையால் புகுந்து ஓடினேன். அம்மன் வாசலுக்கு நேரே நின்று, இல்லத்தில் சொல்லித்தந்தபடியே, உரத்த குரலில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சிலுவை போட்டேன். உலக்கையைத் தூக்கினேன்.

டொக்.

நெல் உள்ள உரலின் சத்தம் வேறு, வெறும் உரலின் சத்தம் வேறு. வெறும் உரலை இடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். குரவை அறுந்தது. பக்கத்து உலக்கைகளும் ஒவ்வொன்றாக நின்றன. டொக், டொக் என்று நான் மட்டும் இடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆர்ர புள்ள இது?” என்று யாரோ கேட்டார்கள்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு போக ஓடிவந்தார். மாமி குறுக்கே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “நில்லுகா. கேள்வி உன்னட்ட இல்ல.”

கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா, வருடா வருடம் போலவே, நெல்லுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த உரலுக்குப் போகப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றார்.

“வண்ணக்கர், ஆர்ர புள்ள?”

எல்லோரும் அவரையே பார்த்ததால் நானும் பார்த்தேன். ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது. என்ன பிழை என்று உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். காரணம் தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னேன்.

“சிஸ்டர், இதுக்குள்ள ஒண்டும் இல்ல.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ அடக்கினார்கள். மாமா சிரிக்கவில்லை. அவருடைய மீசை நடுங்கியது. அது கோபம் என்றே நினைத்தேன். கோபத்தைத் தவிர வேறு எதற்கும் மீசை நடுங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டாடியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வாய் உண்டு என்பதோ, அந்தப் பதிலில்தான் அம்மா இனி அந்த ஊருக்கு வருவதும் வராததும் இருக்கிறது என்பதோ எனக்குத் தெரியாது. வேலை முடிவதற்குள் பெரியவர்கள் இன்னும் வேலை போட்டால் அது தண்டனை என்று மட்டும் தெரியும். அன்று எனக்கு விழுந்தது தண்டனை என்றே வெகு நாள் எண்ணியிருந்தேன். விளங்கிய நாளிலிருந்து, பெயர் தெரியாத ஒரு வயிற்றுக்கும், என்னை மடியில் தட்டிய கைகளுக்கும், அலைந்து திரிந்து தேடிவந்த இருவருக்கும் சொல்கிற நன்றியில் அந்த மீசைக்காரருக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். உடனே கொடுத்தவரைவிட, யோசித்துக் கொடுத்தவர் கொடுத்ததுதான் எனக்குக் கனமாக இருக்கிறது.

மாமா பெட்டியோடு திரும்பி வந்தார். எனக்கு முன்னால் குந்தினார். பெட்டியைச் சரித்து, நெல் முழுவதையும் என் உரலில் போட்டார். பிறகு, நான் குத்தும்போது ஆடாமல் இருக்க, இரண்டு கையாலும் உரலைப் பிடித்துக்கொண்டார்.