கரையில் இறங்காத முதலாளி

கொரோனா வருவதற்கு முந்தின வருடம் நடந்தது இது. பழுகாமத்துக்கு அங்கால், வாவிக்கரையில் இருந்த ஓர் இறால் பண்ணையில் அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்தேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தில் கிடைத்த வேலை. குளத்துத் தண்ணீரின் உப்பையும் சூட்டையும் அளக்க வேண்டும். தீன் போடும் வலைத் தட்டைத் தூக்கி, இறால் எவ்வளவு சாப்பிட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்பா அதே வாவியில், எங்கள் பேச்சில் ஆற்றில், தோணியில் போய் வலை வீசுகிறவர். இறால் பண்ணைக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. கரைத் தண்ணீரில் வேர்விட்டு நின்ற கண்ணா மரங்களை வெட்டித்தானே குளம் தோண்டினார்கள் என்பார். ஆனாலும் என்னைப் போக வேண்டாம் என்று சொன்னதில்லை.

பண்ணை முதலாளி ஐம்பது வயது தாண்டியவர். கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து, அந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கியிருந்தார். மிக மெல்லமாகக் கதைப்பார். அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் கிட்டப் போய் நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து இறால் வாங்குகிறவர்கள் தொலைபேசியில் "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல்ல" என்று கத்துவது எங்களுக்கே கேட்கும். நல்ல மனுசன் என்றாலும் சில்லறைக் குணங்கள் இருந்தன. பகலில் விளக்கு எரிந்தால் முணுமுணுப்பார். செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டால் அன்று முழுக்க முகம் தராமல் இருப்பார். அவர் போகும்போது நாங்கள் அவரைப் போலக் கதைத்துச் சிரிப்போம்.

அன்று காலை நான் போகும்போது கடைசிக் குளத்து மூலையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றன. தட்டைத் தூக்கினேன். முதல் நாள் போட்ட தீன் அப்படியே ஊறிக் கிடந்தது. குளத்து ஓரத்தில் இறால்கள் மேலே வந்து, நீந்தத் தெரியாதவை போலச் சாய்ந்து சாய்ந்து திரிந்தன. ஒன்றைக் கையால் பிடித்தேன். நல்ல இறால் கைக்கு அகப்படாது; பிடிக்க முடிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. தலை ஓட்டை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு வரம்பிலேயே குந்தி இருந்துவிட்டார். தெரிந்த மீன்பிடி அதிகாரி ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். அவரும் வெள்ளைப்புள்ளி நோய்தான் என்றார்.

இந்த நோய் வந்தால் சில நாட்களில் குளமே செத்துவிடும். மருந்து கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. குளத்து மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் வாவிக்குள் பாயும். இறால் எல்லாம் மடை வாயில் கட்டிய வலைக்குள் வந்து விழும். பாதி வளர்ந்த இறால்தான். ஆனாலும் பின்னேரத்துக்குள் விற்றுவிட்டால் போட்டதில் ஒரு பங்காவது மிஞ்சும். சாப்பிடுகிற மனிதருக்கு இந்த நோயால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தண்ணீர் வாவிக்குள் போகும். அங்காலப் பண்ணைக்காரர்கள் அதே வாவித் தண்ணீரைத்தான் பம்பால் இறைத்துக் குளத்துக்கு எடுக்கிறார்கள். அவர்களுடைய இறாலும் போகும். வாவியில் இருக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றும்.

நோய் வந்தால் சத்தம் போடாமல் மடையைத் திறந்துவிடுவது ஊரில் நடக்காத காரியம் இல்லை. வாவியில் எங்களுக்கு மேல்பக்கம் இருந்த ஒரு பண்ணை முந்தின கிழமைதான் திடீரென்று குளத்தை வெறுமையாக்கியிருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்பது அன்றுதான் விளங்கியது.

முதலாளி எல்லாரையும் தீன் மூட்டைகள் அடுக்கிய கொட்டிலுக்கு முன்னால் வரச் சொன்னார். தான் மடையைத் திறக்கப் போவதில்லை என்றார். குளத்தைப் பூட்டி, குளோரின் போட்டு, எல்லாம் செத்த பிறகும் தண்ணீரை அப்படியே வைத்திருக்கப் போவதாகச் சொன்னார்.

"இந்தப் போகம் போச்சு. அடுத்த போகம் போட என்னட்ட ஒண்டும் இல்ல. உங்கட வேலையும் இதோட முடியுது. வேற ஆரும் வந்து சொல்ல முன்னம் நான் சொல்லணும் எண்டுதான் கூப்பிட்டன்."

பண்ணைக் காவலுக்கு நின்ற அண்ணன் கேட்டார்.

"மடையத் திறந்தா, மேல் பண்ணைக்காரன் நமக்குச் செய்ததத்தானே முதலாளி நாமளும் செய்யப் போறம்?"

"அவன் ஒரு வார்த்த செல்லியிருந்தா நம்மட இறால் இண்டைக்கு உசிரோட இருக்கும்" என்றார் முதலாளி. "அவ்வளவுதான்."

எங்களோடு தீன் போடும் வேலை செய்த ஓர் அக்கா இருந்தா. புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவ முன்னுக்கு வந்து நின்று கத்தினா. "ஆத்தப் பாக்கிறீங்க, அங்கால உள்ளவன்ட குளத்தப் பாக்கிறீங்க. எங்கட அடுப்ப ஆரு பாக்கிற? நீங்க நல்லவரெண்டு பேரெடுக்க எங்கட புள்ளையள் பட்டினி கிடக்கணுமா?"

முதலாளி தலையைக் குனியவில்லை. அவ சொல்லி முடியும்வரை அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீ கேக்கிறது சரி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் அந்த அக்கா சொன்னதுதான் சரி என்று பட்டது. என் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

பிறகு முதலாளி, அங்காலப் பண்ணைகளுக்குச் சொல்லிவிட்டு வர என்று, குளித்து, உடுப்பை மாற்றி, கால்களைக் குளோரின் தண்ணீரில் கழுவிக்கொண்டு தோணித் துறைக்கு வந்தார். என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். "நீயும் வா தங்கச்சி. அவங்க கேட்டா நீ கண்டதச் சொல்லு." காவல் அண்ணன் கம்பூன்றித் தோணியைத் தாங்கினார்.

முதல் பண்ணைக்குக் கிட்டப் போனதும், "இதில நிப்பாட்டு" என்றார். கரை இன்னும் தூரத்தில் இருந்தது. அங்கே நின்றவர்கள் வாங்க வாங்க என்று கை காட்டினார்கள். அவர் இறங்க மாட்டேன் என்று கையை அசைத்தார். எவ்வளவு கழுவினாலும் காலில், தோணியில் நோய் ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

அங்கிருந்தே சொன்னார். கேட்கவில்லை. எழும்பி நின்று, ஆடும் தோணியில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக் கத்தினார்.

"எங்கட குளத்தில வெள்ளைப்புள்ளி வந்திட்டு. உங்கட பம்ப நிப்பாட்டுங்க."

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. "என்ன?" என்று கேட்டார்கள். திரும்பக் கத்தினார். அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குரல் இடையில் உடைந்தது. வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் என் அப்பாவும் இருந்தார். ஒரு மனிதன் தன் தொழில் அழிந்துவிட்ட செய்தியை ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தோணிக்குள் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பண்ணைக்காரர் எங்கள் முதலாளிக்கு ஆகாதவர். இறால் வாங்குகிற ஆள் ஒருவரை இழுத்துக்கொண்டது சம்பந்தமாக இருவருக்கும் பழைய பிரச்சினை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்து, எங்கள் முதலாளி கத்தியதைக் கேட்டார்.

"அப்ப உங்கட தண்ணி?"

"மடை பூட்டியாச்சு. ஒரு சொட்டும் ஆத்துக்கு வராது."

"இறால்?"

எங்கள் முதலாளி தலையை ஆட்டினார். அவ்வளவு தூரத்துக்கு அது தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, "போச்சு" என்று கத்தினார்.

அந்தப் பண்ணைக்காரர் திரும்பித் தன் ஆட்களுக்கு என்னவோ சொன்னார். இரைந்துகொண்டிருந்த பம்ப் நின்றது. வாவி சட்டென்று அமைதியாகிவிட்டது. எங்கள் தோணியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வரும்போது முதலாளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் இருந்தார். கையை நீட்டித் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். அதற்குக்கூடக் குரல் வரவில்லை.

மறுநாள் காலை நான் பண்ணைக்குப் போனபோது, குளோரின் மூட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நடந்து போகிறவர்களில் ஒருவராக அப்பா இருந்தார். அவரோடு வலை வீசுகிறவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. முதலாளி அவர்களைப் பார்த்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

செத்து மிதந்த இறாலை அள்ளிக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அந்த நாற்றம் கன நாளைக்கு என் தலைமயிரில் இருந்தது. அங்காலப் பண்ணைகள் தப்பின. அவர்கள் நல்ல விளைச்சல் எடுத்தார்கள். ஆனால் ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. நோய் எங்கள் பண்ணையில்தான் தொடங்கியது என்றார்கள். வாயைத் திறந்து சொன்னவர் எங்கள் முதலாளி மட்டும்தானே. சொல்லாதவன் பேர் அடிபடவே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். "விடு தங்கச்சி. அவங்கட இறால் தப்பிட்டுத்தானே" என்றார்.

எங்களுக்கு வேலை கேட்டு அவரே பண்ணை பண்ணையாகப் போனார். சிலரை எடுத்தார்கள். ஆகாதவர் என்று சொன்னேனே, அவர்தான் கூடுதலாக எடுத்தார். எனக்கும் தீன் போட்ட அக்காவுக்கும் கிடைக்கவில்லை. அக்கா பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டா. முதலாளி செய்தது சரியென்று யாராவது சொன்னால் நான் அந்த அக்காவைத்தான் நினைப்பேன். அவர் செய்தது சரிதான். அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரும் போய்விட்டார். கனடாவில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. என்னிடம் இருந்த நம்பர் வேலை செய்வதில்லை. அழித்துவிடவும் மனமில்லை.

போன வருடம் லீவில் வந்த அந்த அக்காவைப் பஸ்ஸில் கண்டேன். பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தவ, இடையில், "அந்த மனுசன் எங்கயாம் புள்ள?" என்று கேட்டா. சொன்னேன். "குவைத்தில முதல் வீட்டில எனக்கு வேல இல்லெண்டத ஏஜென்சிக்காரன் போனில செல்லித்தான் தெரியும் புள்ள. அந்த வீட்டுக்காரி என்னோட ஒரே வீட்டுக்குள்ளதான் இருந்தாள். மறுகா வேற வீடு பிடிச்சன்" என்றா.

நான் இப்போது டவுனில் ஒரு சாமான் விநியோகக் கம்பனியில் வேலை செய்கிறேன். ஏசி அறை, நல்ல சம்பளம். சில மாதங்களுக்கு முன் எங்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. கம்பனி முதலாளி மேல் மாடியில்தான் இருந்தார். அவருடைய வாகனம் வாசலில் நின்றது. போகிறவர்கள் படியில் நின்று மேலே பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. என் வேலை தப்பிவிட்டது. அன்று மேசைக்கு முன்னால் இருந்தும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மெல்லிய குரலில் "தங்கச்சி" என்று யாராவது கூப்பிட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

சில பின்னேரங்களில் வேலை முடிந்து வாவிக்கரையால் வரும்போது, எங்காவது ஒரு பம்ப் இரைகிற சத்தம் கேட்டால் அது நிற்கும்வரை நின்று கேட்கிறேன். இன்னும் எத்தனை கம்பனியில் வேலை செய்வேனோ தெரியாது. ஆனால் "உன்ட வேல போச்சு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நான் திட்டுவதையும் நின்று கேட்கக்கூடிய ஒருவருக்குக் கீழே இன்னொரு தரம் வேலை செய்ய வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் எனக்குள் ஆறவே இல்லை.