நிறையாத டேங்க்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஆடிக் காற்றில் பறக்கிற பேப்பரை ஒரு கையிலும் காபியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மேற்கு வீட்டுச் செல்வி குடத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மாமா, ஒங்க போர்ல ஒரு கொடம் தண்ணி பிடிச்சுக்கிறவா? எங்க தண்ணி நாத்தமா வருது. பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கணும்."

பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை. ஒன்பது வயது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முதல் நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தது. 'என்ன தண்ணி குடிக்கிறீங்க?' என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம்.

"ஒரு குடம் என்னம்மா, பத்துக் குடம் பிடி" என்றேன். நானே போய் மோட்டார் போட்டேன். எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிற வழக்கமே இல்லை, போர் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும் என்று நாலு வார்த்தை பெருமையும் பேசினேன். காய்ச்சிக் கொடு என்று இலவச ஆலோசனை வேறு. அவள் போனதும் தர்மம் செய்த திருப்தியில் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எங்கள் நகரைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் தைலமரக் காடாக இருந்த இடம். அதற்கும் முன்னால் கடலைக் கொல்லை. மரத்தை வெட்டி, கல் ஊன்றி, கலர் கலராகக் கொடி கட்டி மனை போட்டார்கள். வேன் வைத்துக் கூட்டிப்போய் பிரியாணி போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம் என்றார்கள் — ஹெலிகாப்டரில் போனால் இருக்கலாம்!

வரைபடத்தில் பூங்கா இருந்தது. முப்பதடி ரோடு இருந்தது. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும், கழிக்கிற தண்ணீர் எங்கே போகும் என்பது மட்டும் இல்லை. நாங்கள் யாராவது கேட்டோமா? கேட்டோம்... வாஸ்து சரியாக இருக்கிறதா என்று.

வாஸ்து சரியாகவே இருந்தது. போர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். எங்கள் தெருவில் வரிசையாகப் பதினோரு வீடு, பதினொன்றுக்கும் இதே கணக்கு. என் வீட்டில் போர் லாரி இரண்டடி தள்ளி நின்றுவிட்டது என்பதற்காக, அதைத் திருப்பி நிறுத்தி, சொன்ன இடத்திலேயே துளை போட வைத்த ஆள் நான்.

டேங்க் விஷயம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சில மாதங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதியிருந்தேன். கொத்தனார் கெட்டிக்காரர், டேங்குக்கு அடியில் காங்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டுவிட்டார், ஆறு வருடமாகியும் நிறையவே இல்லை, கழிவு லாரியைக் கூப்பிடுகிற வேலையே கிடையாது என்று ஒரு பாராவே பீற்றியிருந்தேன். ஒரு வாசகர் அந்தக் கொத்தனாரின் போன் நம்பர் கேட்டு எழுதினார். கொடுத்தேன்.

புதன்கிழமை செல்வி வீட்டுக்குப் போர் மெக்கானிக் வந்தார். அவளுடைய புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான். எட்டு வருடமாக வெயிலில் நின்று இந்த வீட்டைக் கட்டினவன். இன்னும் மொத்தமாக மூன்று மாதம்கூட அதில் தங்கியதில்லை. வீடியோ காலில் வந்து, "மாமா, நீங்க கொஞ்சம் கூட நின்னு பாருங்க" என்றான். நின்றேன். நின்றதோடு விடாமல், குழாய் உடைந்திருக்கும், கேசிங் பைப் ஓட்டையாக இருக்கும் என்று என் பங்குக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் மோட்டாரை மேலே தூக்கினார். மூக்கைச் சுளித்தார். குழாயைப் பார்க்கவே இல்லை. காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

"அங்கிட்டு யாரு வீட்டு டேங்க்கு?"

செல்வியின் வடகிழக்கு மூலையும் என் வடமேற்கு மூலையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அவள் போருக்கும் என் டேங்குக்கும் நடுவில் நான்கடி செம்மண். அவ்வளவுதான். ஆறு வருடமாக என் டேங்க் ஏன் நிறையவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

செல்வி சண்டை போட்டிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். "ஒங்களுக்கு மட்டும் தெரியுமா மாமா, விடுங்க" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அப்ப நம்ம போருக்குப் பக்கத்துல யாரு டேங்க்குங்க?"

என் கிழக்கு வீடு, ரிட்டயர்டு வாத்தியார் சுப்பையா சார். என் மனைவி ஆறு மாதமாக வயிறு சரியில்லை என்று மோரும் ஓமத் தண்ணீருமாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். வயசாகிவிட்டது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம் தலைக்கேறியது. அடுத்த நிமிடம் சுப்பையா சார் வாசலில் நின்றேன். என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க என்று கத்தினேன்.

அவர் பதறவே இல்லை. "டேங்க்கு வாயு மூலையிலதான சார் இருக்கு? வாஸ்துபடி கரெக்டு. வேலையும் சுத்தம். எட்டு வருசமாச்சு, ஒரு தடவகூட நெறஞ்சதில்ல, பாத்துக்கங்க!"

அச்சு அசலாக என் பத்தியையே எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் மாதத்தில் பாதி நாள் மகள் வீட்டில் இருப்பவர். அதனால்தான் என் தண்ணீர் இன்னும் நாறவில்லை போலிருக்கிறது. நாறவில்லை, அவ்வளவுதான்... சுத்தம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் குடம் ஞாபகத்துக்கு வந்தது. காமாலைக்காரக் குழந்தைக்கு நான் தூக்கிக் கொடுத்த குடம்.

ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைத் தெருவே பார்த்தது. செல்வி கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லாக் காய்ச்சித்தான் மாமா குடுத்தேன்" என்றாள். காய்ச்சியதால் கிருமி செத்திருக்கும், சரி. கையில் பட்டது, பாத்திரம் கழுவியது, பிள்ளை வாய் கொப்பளித்தது? அந்த வாசலில் நின்றபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் தெருக்காரர்களைக் கூட்டினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் — டேங்க்கை மாற்ற வேண்டியதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் மாற்றட்டும். ஈசானியத்திலிருந்து போரை நகர்த்தலாமே என்றேன். குடும்பம் விளங்குமா என்று திருப்பிக் கேட்டார்கள். கிழக்குக் கோடி வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாகச் சிரித்தார். அவருக்கு அடுத்தது காலி மனை. அதற்கும் ஆள் வந்தாயிற்று. போன வாரம் வடமேற்கு மூலையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, நானாவது செய்கிறேன் என்று அதே கெட்டிக்காரக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். தென்பக்கம் புது டேங்க், அடியில் காங்கிரீட், நாலு பக்கமும் பூச்சு என்றேன்.

"போட்டுறலாம் சார். ஆனா வருசத்துக்கு ரெண்டு தடவ லாரி வரணும். அவன் எங்க கொண்டுபோயி ஊத்துவான்னு நெனைக்கிறீங்க? நம்ம கம்மா ஓடையிலதான்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணு... இது ஆடி மாசம். புதுசா மண்ணுல கை வைக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், வாரேன்."

பிள்ளையின் ஈரலுக்கு ஆடி, ஆவணி தெரியுமா? இதை நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். வேறு ஆளைத் தேடியிருக்க வேண்டும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கொத்தனார் முகத்தைப் பார்த்தேன். 'சரி, ஆவணியே வாங்க' என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை செல்வி பையும் பிள்ளையுமாகக் கிளம்பிவிட்டாள். மீமிசலில் அவள் அம்மா வீடு.

"ஒடம்பு தேறுற வரைக்கும் அங்கிட்டு இருக்கோம் மாமா. பாப்பாவுக்குக் காமாலைன்னு அவுகட்ட இன்னும் சொல்லல, சொன்னா அங்க இருப்புக் கொள்ளாம கெளம்பி வந்துருவாக. நீங்களும் சொல்லிறாதீங்க." சாவியை என் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் மோட்டாரப் போட்டுச் செடிக்கு மட்டும் தண்ணி விட்டுருங்க."

பாப்பா ஆட்டோவிலிருந்து எனக்கு டாட்டா காட்டியது. மஞ்சள் கண்.

இரண்டு நாளாகத் தண்ணீர் விடுகிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். சுவர் ஓரத்து முருங்கை மட்டும் தளதளவென்று நிற்கிறது, கொத்துக் கொத்தாகக் காய். மஸ்கட்டிலிருந்து நேற்றுப் போன் வந்தது. தண்ணீர் சரியாகிவிட்டதா மாமா என்றான். பார்த்துக்கொண்டிருக்கிறோம் தம்பி என்றேன்.

கொத்தனார் நம்பர் வாங்கிய அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மேற்கு வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

என் டேங்க் இன்னும் நிறையவில்லை.