கூட்டாத அறை

பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பி வளர்ந்தவனல்ல நான். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அத்தோடு சரி. வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்தால் மழை, கரண்ட் நின்றால் கரண்ட், நடந்ததை மட்டும் எழுதுவது என் வழக்கம். இதை வாசித்துவிட்டு, பாவம், மகளை நினைத்து நினைத்து மனிசனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டினால் கோபிக்க மாட்டேன். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். பக்கத்துக் காணியில் புதிதாக இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கடற்காற்றோடு சீமெந்துத் தூசியும் சேர்ந்து நாள் முழுவதும் உள்ளே வரும். காலையும் மாலையும் கூட்டாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் என் மனைவி கலாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியதாகிவிடுமாம். எங்கள் ஒரே மகள் மதுரா லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது, ஒரு நாள் தூசியைப் பொறுத்துக்கொள்வோம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் போய்ச் சேரவில்லை. வழியில் மாறி ஏறிய இரண்டாவது விமானத்தை ஆயுதம் தாங்கிய சிலர் கடத்தி, வேறொரு நாட்டில் இறக்கி வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் தூரத்தில் நின்று எடுத்த ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஓடுபாதையின் கடைசியில் தனியாக ஒரு விமானம், யன்னல் மறைப்புகள் எல்லாம் இறக்கப்பட்டபடி. அதற்குள் என் பிள்ளை இருந்தாள்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியாது. கலா சாப்பிடவில்லை. எதிர்வீட்டு ரினோஸா வேளை தவறாமல் சோறு கொண்டுவந்தார். எங்களைச் சிரிக்கவைக்கவும் அவர்தான் முயன்றார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பதிந்த தன் காலடியைப் பார்த்து, "யா அல்லாஹ், அண்ணன்ட வீட்டுல தூசியா? பேப்பர்ல போடோணும்" என்றார். கலாவின் உதடு ஒருமுறை அசைந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. தூசி நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. மதுராவின் அறையில் யன்னல் சரியாகப் பூட்டாது; அங்கே தரை மாவு கொட்டியது போல் வெள்ளையாகக் கிடந்தது.

அன்று விடிந்து நல்ல வெயில் ஏறியிருந்தது. அந்த நாட்டில் இன்னும் இருட்டு. இரவு முழுவதும் தொலைக்காட்சி முன் கதிரையில் உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று ஏதோ ஆகிவிட்டது. கையாலாகாதவனாக இருந்து இருந்து, கையால் ஆகக்கூடிய ஒன்றையாவது செய்யவேண்டும் போல் இருந்தது. எழுந்து தும்புத்தடியை எடுத்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் கலா.

"கூட்டப் போறன். பிள்ளை வரேக்க வீடு இப்பிடியே கிடக்கிறது?"

"அவள் இன்னும் போய்ச் சேரேல்லை. வையுங்கோ அதை."

"உன்ர கொம்மா சொன்ன கதையெல்லாம் இஞ்ச வேண்டாம், கலா."

"அம்மான்ர கதையோ ஆரின்ர கதையோ, கூட்டாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

கேட்காமல் மதுராவின் அறைக் கதவைத் திறந்தேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தரையில் ஒருவர் குப்புறப் படுத்திருந்த தடம் இருந்தது. கால்கள், முழங்கால்கள், வயிறு, இரண்டு பக்கமும் மடிந்து தலைக்கு மேல் போன முழங்கைகள், எல்லாம் தூசியில் பதிந்திருந்தன. முதல் நாள் மாலை நான் எட்டிப் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. வாசலிலிருந்து அதுவரைக்கும் ஒரு காலடியும் இல்லை. மண்ணெண்ணெயும் கருகிய ரப்பரும் கலந்தது போல ஒரு மணம் அடித்தது. சுவரோரமாகப் போய்க் குனிந்து, தடத்தின் நடுவே புறங்கையை வைத்துப் பார்த்தேன். தரை சுட்டது. வெயில் விழாத மூலை அது. ஆள் படுத்திருந்து அப்போதுதான் எழும்பிப் போன பாயில் இருக்குமே, அந்தச் சூடு.

நிமிர்ந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஓரமாகக் கூட்டத் தொடங்கத் தடியைக்கூடச் சற்று நீட்டியிருப்பேன். பயத்தில் மனிதன் பழகிய வேலையைத்தான் செய்வான். அப்போது, காலைச் சாப்பாட்டோடு வந்திருந்த ரினோஸா முன்னறையிலிருந்து கத்தினார்: "அண்ணன், ஓடி வாங்க! ஆமி பிளேனுக்குள்ள பெய்த்து!"

கொமாண்டோக்கள் இருட்டில் விமானத்தின் வாலுக்குக் கீழே, யன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத வழியாக ஊர்ந்து வந்து, ஏணிகளை வைத்து, எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்து பாய்ந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். எங்களுக்குத் திரையில் தெரிந்தது சில வெளிச்சங்களும் புகையும் மட்டும்தான். அது முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். பயணிகளை இறக்குகிறார்கள், சிலர் இறந்துவிட்டார்கள் என்றார்கள்.

பிறகு ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். காப்பாற்றப்பட்டவர்களிலும் மதுரா இல்லை, இறந்தவர்களிலும் இல்லை, விமானத்தில் இனி ஆள் இல்லை என்றார். நான் திருப்பித் திருப்பி, "அப்பிடியெண்டால் எங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கலா எழுந்துபோய் மதுராவின் அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "ஒருத்தரும் உள்ளுக்குப் போகப்படாது" என்றாள். ரினோஸா மறுபேச்சில்லாமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார்.

மதியச் சோற்று நேரத்தில் மறுபடி தொலைபேசி அடித்தது. மகள் கிடைத்துவிட்டாள், காயமில்லை, விமானத்தில் அவளுடைய இருக்கை வரிசையிலேயே தரையில் கிடந்தாள் என்றார்கள். நான் அழுதபடி ஓடிப்போய்க் குனிந்து அந்தத் தரையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அவளைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். வீட்டுப் படி ஏறி வந்து, தாயைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவள் குளிக்கப் போனதும் கலா தும்புத்தடியை என் கையில் தந்து, "வந்து சேந்திட்டாள். இப்ப கூட்டுங்கோ" என்றாள். கூட்டுமுன் அந்தத் தடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இடது முழங்கைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கை. விரித்த உள்ளங்கை, அகலமானது, விரல்கள் தூசியில் பிறாண்டி இழுபட்டிருந்தன. ஒரு விரலின் அடியில் தடித்த மோதிரம் அழுந்திய வட்டம். மதுரா மோதிரம் போடுவதில்லை. எனக்கு அதை யோசிக்கப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி அள்ளிக் கொட்டினேன்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மதுரா தானாகவே கதைத்தாள். நாங்கள் இருவரும் அதுவரை அவளிடம் அறையைப் பற்றி மூச்சும் விட்டிருக்கவில்லை.

"வெடிச்ச உடன கீழ படுத்திட்டன், அப்பா. பக்கத்து சீற்றில ஒரு மனிசி. பாஷை விளங்காது. முதல் நாளில இருந்து என்ர கையைப் பிடிச்சபடிதான் இருந்தவ. பெரிய மோதிரம் ஒண்டு, அது அழுத்தி எனக்கு நோகும். கையைத் தலையில வை, கையைத் தலையில வை எண்டு கத்தினாங்கள். நான் அவவின்ர கையை விட்டிட்டன்."

"நல்லதுதானே செய்தனி" என்றேன்.

"பிறகு சத்தமெல்லாம் நிண்டு போச்சு. கன்னத்தில தரை குளிர்ந்துது. பார்த்தால் எங்கட வீட்டுக் கட்டிலின்ர கால். கோச்சி போற சத்தம் கேட்டுது." கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்கட கால் தெரிஞ்சுது, அப்பா. கையில தும்புத்தடி. கூட்டிப் போடாதேங்கோ, கூட்டிப் போடாதேங்கோ எண்டு கத்தினன். சத்தம் வரேல்லை."

கலா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

தன்னைக் கண்டெடுத்த கொமாண்டோ வெளியே வந்த பிறகும் விடாமல், நீ எங்கே இருந்தாய், இந்த வரிசையை நானே டோர்ச் அடித்துப் பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டே நின்றானாம். கடைசியில் கையுறையைக் கழற்றி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, விரலில் ஒட்டிய வெள்ளைத் தூசியைப் பார்த்தானாம்.

அந்த மோதிரக்காரப் பெண் தப்பவில்லை. செய்தியில் படம் காட்டினார்கள், மதுரா அடையாளம் சொன்னாள். தூசியில் கிடந்த கையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை, கலாவிடமும் சொல்லவில்லை. அந்த மனிசி என் வீட்டுத் தரைவரைக்கும் வந்தவரா, வந்திருந்தால் எங்கே போய்ச் சேர்ந்தார், நான் கூட்டியது எதை, இவற்றை நாட்குறிப்பில் கேள்விகளாகவே எழுதி வைத்திருக்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

மதுரா இப்போது தெஹிவளையில் வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுப்பாள். சுவர்ப் பக்கமாகவே படுக்கிறாள். இடது கை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கீழே தொங்கும், உள்ளங்கை திறந்தபடி. ஒருநாள், நரம்பு இழுக்கும் பிள்ளை, கையை மேலே வை என்றேன். "பரவாயில்லை, கிடக்கட்டும் அப்பா" என்றாள்.

தூக்கம் பிடித்ததும் அவளுடைய விரல்கள் மெதுவாக மடங்குகின்றன. நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அவை முழுதாக மூடுவதில்லை. உள்ளே இன்னொரு கை இருந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு இடம் விட்டு நிற்கின்றன.