உப்புக் கேட்கப் பயந்தவர்கள்

நான் மந்திரவாதி இல்லை. கடலூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இதை இன்னும் நம்பவில்லை.

பில் போடாத நேரத்தில் கைப்பேசியில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறேன். வாரம் ஓர் அத்தியாயம், ஒரு செயலியில் வரும். மலைகளுக்கு நடுவே ஒரு ராஜ்ஜியம், அங்கே ராஜா தடை செய்த ஒரு வித்தை, அதைத் திருட்டுத்தனமாகக் கற்று ஊரைக் கெடுக்கும் ஒரு சூனியக்காரி. வித்தை ரொம்பச் சுலபம். எலுமிச்சம்பழத்தில் கறுப்பு நூலைச் சுற்றி, எதிரியின் பெயரைத் தலைகீழாகச் சொல்லி, அவர் வாசலில் புதைத்துவிட வேண்டும். இதை எந்த ஓலைச்சுவடியிலிருந்தும் எடுக்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி வராத எரிச்சலில், எதிரே இருந்த ஜூஸ் கடையைப் பார்த்துக்கொண்டு எழுதினேன். கடைக்காரர் அன்றைக்கு முன்னால் அன்னாசியை அடுக்கியிருந்தால் அன்னாசிதான் புதைந்திருக்கும்.

வித்தையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. செய்தவளுக்கு என்ன தண்டனை என்பதில்தான் வாசகர்கள் வந்து விழுந்தார்கள். முதலில் அவளுக்கு முடி கொட்டுவதாக எழுதினேன். "எங்களுக்கெல்லாம் சும்மாவே கொட்டுது, இது ஒரு தண்டனையா?" என்று ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டார். கண்ணைப் பிடுங்கச் சொன்னார் ஒருவர். தினமும் காலையில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று ரோஜாப்பூப் படம் அனுப்புகிற பெரியவர், அவளை எண்ணெய்க் கொப்பரையில் போட்டு மெதுவாகச் சூடேற்றச் சொன்னார். மெதுவாக என்பதை இரண்டு முறை எழுதியிருந்தார். அடுத்தவரைக் கெடுப்பது நம் ஜனங்களுக்குப் பாவம், கெடுத்தவரைக் கெடுப்பது மட்டும் பொழுதுபோக்கு.

எனக்குக் கொப்பரை எழுதத் தெம்பில்லை. அதனால் சோற்றில் கை வைத்தேன். அந்த வித்தையைச் செய்தவள் நாக்குக்கு உப்பு தெரியாமல் போய்விடும். மீன்குழம்பு வைத்தாலும் சரி, கருவாடு வறுத்தாலும் சரி, வாயில் மண்தான். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள், இவளுக்கு அந்த உப்பே கிடையாது. பார்த்தால் கொப்பரையைவிட இதற்குத்தான் எல்லோரும் நடுங்கினார்கள். வாசகர் எண்ணிக்கை ஏறியது. நானும் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

என் அண்ணன் மனைவி, அதாவது எங்கள் அண்ணி, சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் நடத்துகிறார். அண்ணன் காய்கறி வாங்குவார், கல்லாவில் உட்காருவார், வாயைத் திறக்க மாட்டார். மற்றதெல்லாம் அண்ணியின் நாக்குதான். காலேஜ் பையன்களும் கோர்ட் குமாஸ்தாக்களும் அந்த நாக்கை நம்பித்தான் டோக்கன் வாங்கினார்கள்.

எதிரிலும் ஒரு மெஸ். அதை நடத்துகிற அம்மா ஒரு காலத்தில் அண்ணியின் அடுப்படியில் கூடமாட நின்று காய் நறுக்கியவர், அக்கா அக்கா என்று உயிரை விட்டவர். பிறகு சண்டை போட்டுக்கொண்டு எதிரிலேயே கடை திறந்துவிட்டார். சண்டை எதற்கு என்று கேட்டால் அண்ணி ஒரு கதை சொல்வார், அவர் ஒரு கதை சொல்வார். இரண்டிலும் ஒரு கிரைண்டர் வரும். எனக்கு அதற்கு மேல் புரிந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னா அண்ணி, இந்த வெயில்ல?"

"திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன். கெணத்துல உப்பும் மொளகும் போட்டு வேண்டிக்கினேன். ஒண்ணும் ஆவல." நேரே என் சமையலறைக்குப் போனார். உப்பை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, பொரி தின்கிற மாதிரி மென்றார். "பாரு. மணலத் தின்ற மாதிரி இருக்குது."

"காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு. போறப்ப நாக்கையும் எடுத்துக்கினு போயிடுச்சு."

"வைரல் ஃபீவர்னா அப்பிடித்தான் அண்ணி இருக்கும். எங்க கடைக்கு வர்றவங்க பல பேரு இதத்தான் சொல்றாங்க."

"அவுங்கள்லாம் எலுமிச்சம்பழம் வெச்சாங்களா?"

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். என் கதையைப் படித்திருக்கிறார். நூலைச் சுற்றியிருக்கிறார். பெயர் நீளமான பெயராம், காய் நறுக்கும்போதெல்லாம் தலைகீழாகச் சொல்லிப் பழகியிருக்கிறார். புதைக்கத்தான் இடமில்லை. "சந்து பூரா சிமெண்ட் போட்டு வெச்சிருக்கான் முனிசிபாலிட்டிக்காரன். எங்க தோண்டறது? அவ வாசல்ல ரோஜாத் தொட்டி இருக்குது, அதுல வெச்சு அமுக்கிட்டேன்."

"ஐயோ அண்ணி!"

"வேவாரம் கொஞ்சம் கொறையட்டும்னுதான் வெச்சேன். அந்த வாரமே அவ வூட்டுக்காரன் வண்டியில இருந்து விழுந்து கால ஒடச்சுக்கினான். எனக்கு நாக்குப் போயிடுச்சு. நீ எழுதுன மாதிரியே."

"அது நான் கட்டுன கதை அண்ணி. பஸ்ஸுக்கு நிக்கும்போது கட்டுனது."

"கட்டுன கதைன்னா எனக்கு எப்பிடிப் பலிச்சுது?"

உனக்கே தெரியாமல் உன் வாயில் வந்திருக்கிறது என்று அவரே ஒரு விளக்கமும் கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஒரு வாசகர்கூட என் எழுத்தை இந்த அளவுக்கு நம்பியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி அவர் சொன்னதைக் கேட்டு அது இறங்கிவிட்டது.

"ஒரு நாளு கரிக்குது, ஒரு நாளு சப்புன்னு இருக்குது. உங்க அண்ணனே வாயத் தொறந்து கரிக்குதுன்னுட்டாரு. பசங்க எதுத்தாப்புல போயி குந்திக்குறாங்க. இப்பிடியே போனா கடைய மூடிட வேண்டியதுதான். வேற என்னா தெரியும் எனக்கு?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். கடையிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இது காய்ச்சலுக்கு. அதுக்கு நீ பரிகாரம் எழுது" என்றார்.

எழுதவைத்தே விட்டார். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பௌர்ணமியில் ஆற்றில் முங்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். "ஆத்துல ஏது தண்ணி?" என்றார். ஒரு மண்டலம் மலைக்குகையில் தவம் என்றேன். "மெஸ்ஸ யாரு பாக்குறது? உங்க அண்ணனா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு யோசனையும் வந்தது, எப்படியாவது இந்த இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிவிட்டால் பாதிச் சனியன் விட்டது. எழுதினேன்: வித்தை செய்தவள், யாருக்குச் செய்தாளோ அவர் வீட்டு இலையில் உட்கார்ந்து, வாய் திறந்து உப்புக் கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். அப்போதுதான் நாக்கு திரும்பும்.

அண்ணி முகம் சுருங்கியது. "வேற இல்லியா?"

"வேற வரல அண்ணி."

நான் யோசிக்காத ஒன்று, அந்த அத்தியாயத்தை அண்ணி மட்டும் படிக்கப்போவதில்லை என்பது. எதிர் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களும் படித்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குத் துணையாகச் சிதம்பரம் போனேன். எதிர் மெஸ்ஸில் எப்போதுமே சாம்பாருக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள். அந்த அம்மா உப்புக் கிண்ணத்தோடு இலை இலையாக வருவார், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த வாரம் முழுக்கக் கிண்ணம் போன மாதிரியே திரும்பி வந்திருக்கிறது. உப்புக் கேட்டால் அந்த வீட்டுக்குச் சூனியம் வைத்தவன் ஆகிவிடுவோமே! பி.எச்டி. படிக்கிற பையன் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்த சாம்பாரைப் பிசைந்து, "சூப்பர்ம்மா" என்று சொல்லி விழுங்கிக்கொண்டிருந்தான். கோர்ட் குமாஸ்தா ஒருவர் கிண்ணத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. எதிர்க்கடைக்காரி வந்து இலையில் உட்காருவதென்றால் சும்மாவா? கல்லாவில் அந்த அம்மாவின் கணவர், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு டோக்கன் கிழித்தார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. அண்ணி பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். நான் முழங்கையால் இடித்தேன்.

"கொஞ்சம் உப்பு வை" என்றார் அண்ணி.

ஹாலில் ஒரு கை வாய்க்குப் போகவில்லை. அந்த அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார். வைக்கவில்லை.

"நீதானாக்கா?"

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை.

"தொட்டிக்குத் தண்ணி ஊத்தும்போதே கெடச்சுது. நல்ல பழம். நூல அவுத்துப் போட்டுட்டு நறுக்கி ஊறுகா ஜாடியில சேத்துட்டேன்."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் இலையில் இருந்த ஊறுகாயைக் குனிந்து பார்த்தார்கள். பி.எச்டி. பையன் அதை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"பழத்துக்கா நான் பயந்தேன்?" அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "இவுரு படுத்துக்கெடந்தப்ப சந்துல இருக்குறவங்க எல்லாம் ஆப்பிளு ஆரஞ்சுன்னு வாங்கிக்கினு வந்து பாத்தாங்க. எதுத்தாப்புல இருந்துக்கினு நீ எட்டிப் பாக்கல. கிரைண்டருக்கு சண்ட போட்டா சாவுக்குக்கூட வர மாட்டியா?"

"நான்தான் தள்ளிவுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

"நீ ஒரு மயிரும் தள்ளல. போன் பேசிக்கினு போயி மாட்டு மேல வுட்டாரு."

கணவர் டோக்கன் கட்டை எடுத்து மும்முரமாக அடுக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா ஒரு கரண்டி உப்பை அள்ளி அண்ணியின் இலையில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், குமாஸ்தா பாய்ந்துவிட்டார். "இங்க கொஞ்சம்." "எனக்கும் ஒரு கரண்டி." "ரொம்ப சப்புன்னு இருக்குதும்மா, ஒரு வாரமா சொல்ல முடியல." சுற்றிலும் கைகள் நீண்டன. அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. அண்ணி விரலில் தொட்டு நாக்கில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் பார்த்தேன். என் பரிகாரம் பலிக்க வேண்டும் என்று, நானே கட்டியது என்று தெரிந்தும், எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"தெரியுதா?" என்றார் அந்த அம்மா.

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். "தெரியல." கண்ணீர் இலையில் சொட்டியது. "தெரியலடி. கடைய மூடிட வேண்டியதுதான்."

அந்த அம்மா உப்புக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தோம். அன்று நான் கடலூருக்குத் திரும்பாமல் அண்ணி வீட்டிலேயே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணியின் அடுப்படியில் சாம்பார் கொதிக்கும்போது, பின்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மா வந்தார். வா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கரண்டியை எடுத்து ஒரு வாய் ஊதிக் குடித்தார். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டார்.

"இத்தையா ஜனங்களுக்கு ஊத்திக்கினு இருந்த?"

"எனக்கு எங்கடி தெரியுது?"

"அதுக்குத்தான் வந்தேன். உனக்குத் தெரியுற வரைக்கும் தெனம் வந்து பாத்துட்டுப் போறேன். தள்ளு."

அண்ணி தள்ளி நின்றார். அடுப்பு மேடையில் இருந்த உப்புச் சாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.